குறுக்க பேசினா மரியாதை இல்லன்னு அர்த்தமா?

எங்க அண்ணி கல்யாணமாகி வந்த புதுசுல சாப்பிடற நேரத்துல வாயே திறக்க மாட்டாங்க. ஒருநாள் மெதுவா சொன்னாங்க, "நான் பேசி முடிக்கறதுக்குள்ள அத்தை பேச ஆரம்பிச்சிடறாங்க, நான் பேசறது பிடிக்கலையோன்னு விட்டுட்டேன்"னு. அம்மா ஆடிப்போயிட்டாங்க, ஏன்னா அண்ணி பேச்சு பிடிச்சுப்போய்தான் நடுவுல நடுவுல சேர்ந்து பேசியிருக்காங்க.

இதுக்குள்ள அழகான அறிவியல் இருக்கு. 2009ல மொழி ஆராய்ச்சியாளர் டான்யா ஸ்டிவர்ஸ் குழு 10 மொழிகள்ல கேள்வி முடிஞ்சு பதில் வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு அளந்தாங்க, சராசரியா 200 மில்லிசெகண்டுதான், அதாவது ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு. ஆனா ஒரு படத்தைப் பார்த்து அதோட பேரைச் சொல்லவே நமக்கு சுமார் 600 மில்லிசெகண்டு வேணும். அப்போ எதிர்ல இருக்கறவர் முடிக்கறதுக்கு முன்னாடியே, எங்க முடிப்பார்னு ஊகிச்சு நம்ம மூளை பதிலை தயார் பண்ண ஆரம்பிச்சிடுது. ஊகம் கொஞ்சம் முந்திட்டா ரெண்டு பேச்சும் மோதும், அவ்ளோதான்.

வேணும்னே மோதறதும் உண்டு. மொழியியலாளர் டெபோரா டானன் 1978ல கலிஃபோர்னியாவுல ஆறு பேர் சாப்பிட்டுக்கிட்டே பேசினதை ரெக்கார்ட் பண்ணி ஆராய்ஞ்சாங்க (அந்த ஆறுல அவங்களும் ஒருத்தர்). அதுல இருந்த நியூயார்க்காரங்க ஒருத்தர்மேல ஒருத்தர் பேசினாலும் பேச்சு அறுந்துபோகல, அது அவங்களுக்கு "கேட்டுக்கிட்டிருக்கேன், சொல்லு"ங்கற அடையாளம். மத்தவங்க அதே இடத்துல தயங்கி நின்னுட்டாங்க. தயங்கினவங்க இடைவெளி வரட்டும்னு காத்திருக்க, நியூயார்க்காரங்க அவங்களுக்கு சொல்ல ஒண்ணுமில்லன்னு நினைச்சு இன்னும் பேச, இடைவெளி வரவே வராது. எங்க வீட்டுல நடந்ததும் அச்சு அசல் இதேதான்.

கதை கேக்கும்போது நாம 'உம்' கொட்டறோமே, அதுவும் இந்த வகைதான், அதை யாரும் குறுக்க பேசறதா எடுத்துக்கறதில்ல.

அதுக்காக எல்லா குறுக்கீடும் நல்லதுன்னு சொல்லல. பேச்சு திரும்ப உங்ககிட்டயே வருதான்னு பாருங்க. "ஐயோ அப்படியா, அப்புறம்?"னு வந்தா கூடவே வர்றாங்க, உங்க விஷயத்தை விட்டுட்டு அவங்க கதைக்குப் போயிட்டா அதுதான் பறிக்கறது.

வீடியோ கால்ல இது இன்னும் சிக்கல், நெட்டு கொஞ்சம் லேட் ஆனாலே அந்த 200 மில்லிசெகண்டு கணக்கு கெட்டுப்போகும். அம்மா கொட்டற 'உம்' அண்ணியோட அடுத்த வாக்கியத்துல போய் விழுது, அண்ணி இப்பல்லாம் நிறுத்தாம பேசிக்கிட்டே போறாங்க.