லோரி கிளப்பும் நீர்ப்புகை

மலேசியாவின் கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை வெளுத்து வாங்கும்போது, கிள்ளான் துறைமுகம் போகும் கொள்கலன் லோரியை முந்தியவர்களுக்குத் தெரியும். வைப்பரை எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் சில விநாடிகள் எதிரே ஒன்றும் தெரியாது. வானத்து மழையைவிட, சக்கரங்கள் கிளப்பும் தண்ணீர்தான் அப்போது கண்ணை மறைக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. டயரின் அகலம் 30 செ.மீ., சாலையில் தேங்கிய நீர் 2 மி.மீ., வேகம் மணிக்கு 90 கி.மீ. என்றால், அந்த ஒரு டயர் விநாடிக்கு 15 லிட்டர் தண்ணீரை விலக்கியாக வேண்டும். ஒரு பகுதி பக்கவாட்டில் பீய்ச்சியடிக்கும். பெரிய துளிகள் என்பதால் சட்டென்று விழுந்துவிடும். மிச்சத்தில் கொஞ்சம் டயரின் வரிப்பள்ளங்களில் ஏறிக்கொண்டு பின்பக்கமாகத் தெறிக்கிறது. தொல்லை இங்கேதான் ஆரம்பம். தெறித்த துளி மட்கார்டிலோ, அடிச்சட்டத்திலோ, அடுத்த சக்கரத்திலோ மோதிச் சிதறுகிறது. 2 மி.மீ. துளி ஒன்று 0.1 மி.மீ. தூறலாக உடைந்தால் 8,000 துளிகள்! தண்ணீர் அதே அளவுதான், ஆனால் ஒளியை மறைக்கும் பரப்பு 20 மடங்காகிறது. இத்தனை சிறிய துளி விநாடிக்குக் கால் மீட்டர் அளவில்தான் கீழே இறங்கும். அதற்குள் லோரியைச் சுற்றிச் சுழலும் காற்று அதை அள்ளிப் பக்கத்துத் தடத்தில் நிரப்பிவிடும்.

ஆகவே, துளி மோதும் இடத்தில் உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் வீசினால் முகம்வரை தெறிக்கும். புல்லில் வீசினால் அப்படியே அடங்கிவிடும். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் திரையின் உட்புறத்தில் பிளாஸ்டிக் புல்லைப் போன்ற இழைகளை வைப்பது இதற்காகத்தான். துளியின் வேகம் இழைகளுக்குள் செத்து, தண்ணீர் கீழே வடிகிறது. குளிர்காலம் முழுக்கச் சாலை ஈரமாகவே கிடக்கும் ஐரோப்பாவில், 1991-லேயே கனரக வாகனங்களின் நீர்த்தெறிப்பைக் குறைக்கத் தனி விதி வந்துவிட்டது. இங்கே பல லோரிகளில் இன்னும் வழவழப்பான ரப்பர் பலகைதான் தொங்குகிறது. பெரிய செலவில்லாத இந்த மாற்றத்தை நாம் வலியுறுத்திக் கேட்க வேண்டும்.

இன்னொரு வழி, சாலையையே மாற்றுவது. நெதர்லாந்தின் விரைவுச்சாலைகளில் பெரும்பகுதி துளைகள் நிறைந்த தார்க்கலவையால் ஆனது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். மழைநீர் உள்ளே இறங்கி ஓரமாக வடிந்துவிடுவதால் டயருக்கு அள்ள அதிகம் கிடைக்காது. சிக்கல் அடைப்புதான். மண் லோரிகள் சிந்தும் சேறு துளைகளில் புகுந்தால், அழுத்தமாக நீர் பாய்ச்சிக் கழுவி உறிஞ்சி எடுக்க வேண்டும்.

சரி, இப்போதைக்கு? துளி தெறிக்கும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். லோரி 90-லிருந்து 70-க்கு இறங்கினாலே அந்த ஆற்றல் ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது.