சங்கில் புகட்டிய பால் வேறு, நானோ வெள்ளிச் சொட்டு வேறு

இந்த வருடத்தில் இவர் மூன்றாவது ஆள். முகமும் நகக்கண்களும் சாம்பல் கலந்த நீலம். இதயக் கோளாறோ என்று பயந்து இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டார்கள். எல்லாம் நார்மல். ஆக்சிஜன் 98. "வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று நான்காவது முறை கேட்ட பிறகுதான் அவர் மனைவி பையிலிருந்து அந்த பாட்டிலை எடுத்தார். பாலிமர் பூச்சுள்ள நானோ வெள்ளி, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெள்ளி நுண்துகள்கள் கலந்த சொட்டு மருந்து. எதிர்ப்புச் சக்திக்காகத் தினமும் இரண்டு மூடி, இரண்டு வருடமாக.

"குழந்தைக்கு வெள்ளிச் சங்கில்தானே டாக்டர் பால் புகட்டினோம்?"

தயவுசெய்து இந்த ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். சங்கு கெட்டி உலோகம். அதிலிருந்து பாலில் இறங்கும் வெள்ளி மிக மிகக் குறைவு. அதனால்தான் பாட்டியின் சங்கு பேத்திக்கும் உதவுகிறது. சொட்டில் நீங்கள் குடிப்பது வெள்ளியையே. ஒரு கிராம் வெள்ளியை 20 நானோமீட்டர் துகள்களாக்கினால் அவற்றின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 300 சதுர அடி. அவ்வளவு இடத்திலிருந்தும் வெள்ளி அயனி, அதாவது மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணு, கசியும். கிருமியைக் கொல்வது அதுதான்.

"பூச்சு இருக்கிறதே" என்பார்கள். அந்தப் பூச்சு துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருப்பதற்கு. உங்கள் குடலைக் காப்பதற்கு அல்ல.

வெள்ளிக்கு நான் எதிரி இல்லை. தீக்காயத்துக்கு சில்வர் சல்ஃபாடயசின் க்ரீமும் வெள்ளி கலந்த டிரெசிங்கும் நானே எழுதுகிறேன். அது காயத்தின் மேல், சில நாட்களுக்கு, எங்கள் கண்காணிப்பில். குடிக்கும் வெள்ளி எந்த நோய்க்கும் பாதுகாப்பானதாகவோ பயனுள்ளதாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999லேயே சொல்லிவிட்டது.

தோலில் படிந்த வெள்ளி வெயில் பட்டுக் கறுக்கும். இதற்கு ஆர்ஜிரியா என்று பெயர். மருந்தை நிறுத்தினாலும் பழைய நிறம் திரும்பாது. லேசரில் சிலருக்கு ஓரளவு மங்கும், அவ்வளவுதான்.

குடிப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ எடுப்பவர்கள் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவை உடம்பில் சேர்வதை வெள்ளி குறைக்கக்கூடும். குழந்தைகளுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். தீக்காயம் பட்டால் இந்த பாட்டிலைத் தேடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டுக் கிளம்பி வாருங்கள். நான் சொன்ன க்ரீமில் சல்ஃபா வகை மருந்தும் இருக்கிறது; சல்ஃபா அலர்ஜி இருந்தால் வந்ததும் அதைச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார், "மாமியாரும் இதைத்தான் குடிக்கிறார்கள்." நாளைக்கே அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.