கடன் நீக்கம்: சொல் விளக்கம்

மதுரையில் ‘தள்ளுபடி’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள்கள் புழக்கத்தில் உள்ளன. ஆடி மாதத்தில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளில் அது விலைக் குறைப்பு. ஒத்தக்கடைக்கு அருகிலுள்ள உயர் நீதிமன்றக் கிளையில் அது மனுவை ஏற்க மறுப்பது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் அது பயிர்க் கடனை அரசு தன் தலையில் ஏற்றுக்கொள்வது. பன்னாட்டு நாணய நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் பணக்கார நாடுகளுக்கும் ஏழை நாடுகள் செலுத்த வேண்டிய கடனை அடியோடு நீக்கக் கோரும் இயக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர், இந்த மூன்றாவது பொருளை மனத்தில் கொண்டு ‘கடன் தள்ளுபடி இயக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். எளிதில் விளங்கும் சொல்தான் என்றாலும், பொருந்தும் சொல் என்று கூற இயலவில்லை.

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, சங்கங்களுக்கு வர வேண்டிய தொகை அரசின் பொறுப்புக்கு மாறியதே தவிர மறைந்துவிடவில்லை. யாருக்குத் தள்ளுபடி என்பதும் அரசு வரையறுப்பதுதான். 2016இல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் அளிக்கப்பட்ட தள்ளுபடியை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்குமாறு மதுரைக் கிளை 2017 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசு வகுத்த வரையறையே செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆக, தள்ளுபடி என்பது ஆள்வோர் மனமிரங்கி அளிக்கும் சலுகை. இந்த இயக்கத்தார் சலுகை கேட்கவில்லை. கடனின் பெரும்பகுதி நியாயமற்றது என்று வழக்காடுகிறார்கள்.

இயக்கத்துக்குப் பெயர் தந்த சொல் ‘யூபிலி’. எபிரேயத்தில் ‘யோபேல்’ என்பது ஆட்டுக்கடாவையும், அதன் கொம்பால் ஆன ஊதுகருவியையும் குறிக்கும். பைபிளின் லேவியராகமம் என்ற நூலின் 25ஆம் அதிகாரப்படி, ஐம்பதாம் ஆண்டில் அந்தக் கொம்பு ஊதப்படும்போது விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். வறுமையால் தம்மையே விற்றவர் விடுதலை பெற்று வீடு திரும்ப வேண்டும். இலத்தீனில் ஆர்ப்பரித்தல் என்னும் பொருளுடைய வேறொரு சொல்லோடு கலந்ததில் இதற்குக் கொண்டாட்டச் சாயல் ஏறியது. ஆங்கிலம் வழியாக நம்மிடம் ‘ஜூபிலி’யாக வந்து சேர்ந்தபோது கொண்டாட்டம் மட்டுமே எஞ்சி, வெள்ளி விழாவும் பொன் விழாவும் ஆயிற்று. வெள்ளி விழாப் படங்களுக்குச் சுவரொட்டி ஒட்டிப் பழகிய மதுரைக்காரருக்கு ஜூபிலி என்றதும் கடன் நினைவுக்கு வருமென்று எதிர்பார்ப்பது வீண்.

மார்ட்டின் டென்ட் என்ற பிரிட்டன் பேராசிரியரும் பில் பீட்டர்ஸ் என்ற ஓய்வுபெற்ற தூதரும் பழைய பொருளை மீட்டு ‘யூபிலி 2000’ என்ற இயக்கத்துக்கு வித்திட்டார்கள். 1998 மே 16 அன்று பர்மிங்காமில் ஜி-8 என்ற எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, ஏறத்தாழ 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள். உலக வங்கியும் நாணய நிதியமும் 1996இல் தொடங்கியிருந்த ‘கடன்சுமை மிகுந்த ஏழை நாடுகள்’ திட்டம் 1999இல் கொலோனில் நடந்த ஜி-8 மாநாட்டை ஒட்டி விரிவாக்கப்பட்டதற்கு இந்த அழுத்தமும் ஒரு காரணம். 2005இல் கிளெனீகிள்ஸில் நடந்த ஜி-8 மாநாட்டுக்குப் பிறகு நீக்கம் இன்னும் ஒரு படி ஆழமாயிற்று.

‘வாங்கின கடனைக் கொடுக்கத்தானே வேணும்?’ என்ற கேள்வி நம் ஊரில் உடனே எழும். தமிழில் கடன் என்பது பணத்துக்கு மட்டும் உரிய சொல்லன்று. மகனைப் பெற்று வளர்ப்பதைப் புறநானூற்றுத் தாய் தன் தலைக்கடன் என்கிறாள். அழகருக்கு முடியிறக்குவது நேர்த்திக்கடன். கடமையும் கடனும் ஒட்டிப் பிறந்த மொழியில் ‘கடனை நீக்கு’ என்பது காதுக்கு உறுத்தலாகவே இருக்கும். ஆனால் புரோநோட்டின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு மறுபக்கமும் தெரியும். வட்டி கட்டும்போதெல்லாம் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்திட்டு வரவு வைப்பார்கள். அந்த வரவே மூன்றாண்டுக் கெடுவைப் புதுப்பித்து நோட்டை உயிரோடு வைத்திருக்கும். பின்பக்க வரவைக் கூட்டினால் அசலைத் தாண்டியிருக்கும். முன்பக்கத்து அசலோ அப்படியே நிற்கும். 1970களில் மாறும் வட்டிக்குக் கடன் வாங்கிய நாடுகள், அமெரிக்காவில் வட்டி ஏறியபோது இதே நிலைக்கு வந்தன. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன்னால் கட்ட முடியாது என்று கைவிரித்தது. தனியாளுக்கு மஞ்சள் கடுதாசி கொடுக்கும் வழியாவது உண்டு. நாடுகளுக்கு அப்படியொரு நொடிப்பு நீதிமன்றம் எங்கும் இல்லை.

இனி, எந்தச் சொல்லை எழுதலாம்? ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று மன்றாடிப் பழகிய கிறிஸ்தவர்களுக்குக் ‘கடன் மன்னிப்பு’ இயல்பாக இருக்கலாம். 2025 யூபிலி ஆண்டை ஒட்டி போப் பிரான்சிஸ் விடுத்த வேண்டுகோளை அப்படி எழுதுவதில் தவறில்லை. எனினும் மன்னிப்பு என்றால் வாங்கியவர் குற்றவாளி என்றாகிறது. இயக்கத்தாரில் பலர் அச்சொல்லைத் தவிர்ப்பதும் இதனாலேயே. ‘கடன் விடுவிப்பு’ அழகான சொல்தான். ஆனால் நிதி விடுவிப்பு, தவணை விடுவிப்பு என்று நாளிதழ்கள் எழுதி எழுதி, கடன் தொகையை வழங்கிவிட்டார்கள் என்ற நேர் எதிர்ப் பொருளைத் தந்துவிடும். ‘ரத்து’ அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்தது. ரயில் ரத்து, தேர்வு ரத்து என்று எல்லாருக்கும் விளங்குவதால் மேடைப் பேச்சில் அதுவே போதும். எழுத்தில் ‘கடன் நீக்கம்’ என்பதே என் தேர்வு. பேரேட்டிலிருந்து கடனை அகற்றுவதை அது நேராகச் சொல்கிறது. இரக்கத்தையோ குற்றத்தையோ உள்ளே நுழைப்பதில்லை. முழக்கமாக எழுதுவதானால் ‘கடனைக் கைவிடு’ என்பது நன்றாக ஒலிக்கும்.

நீக்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை இரண்டு உண்டு. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்த பிறகு நடந்தது ‘கடன் மறுசீரமைப்பு’: தவணையை நீட்டுவது, வட்டியைக் குறைப்பது, அசலில் ஒரு பங்கை மட்டும் வெட்டுவது. மற்றொன்று, 1927இல் அலெக்சாண்டர் சாக் என்ற ரஷ்யச் சட்ட அறிஞர் விளக்கிய கருத்து. மக்களின் இசைவின்றி, அவர்களின் நன்மைக்கன்றி, கொடுத்தவருக்கும் அது தெரிந்தே, ஒரு கொடுங்கோலாட்சி வாங்கிய கடன் அந்த ஆட்சியையே சாரும் என்றார் அவர். ஆங்கிலத்தில் ‘odious debt’ எனப்படும் இதை ‘அருவருப்பான கடன்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. ‘கொடுங்கோற்கடன்’ என்றால் விளக்கமே தேவைப்படாது. இத்தகைய கடனுக்கு நீக்கம் கோருவதே மிகை, செலுத்த மாட்டோம் என்று சொல்லிவிடுவதே முறை என்று இயக்கத்தில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். தணிக்கைக்குப் பின் சில கடன்பத்திரங்கள் முறையற்றவை என்று கூறி 2008இல் எக்குவடோர் எடுத்த அந்த நிலைப்பாட்டைக் ‘கடன் மறுப்பு’ என்று தனிச்சொல்லாலேயே எழுத வேண்டும்.