சுவரை நக்கும் பிள்ளை

ஆலங்குளம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வயது இரண்டு மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு தாயும் ஆச்சியும் வந்திருந்தார்கள். வந்தது சளிக்கு. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, மருந்தெழுதி, சீட்டையும் கையில் கொடுத்தாயிற்று. கதவு வரை போன பிறகுதான் அந்தப் பெண் திரும்பி, "டாக்டரம்மா, இவன் எந்நேரமும் சுவத்த நக்குதான்" என்றாள். ஆச்சிக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "மண்ணு திங்காத பிள்ளை உண்டாம்மா? இவன் அப்பனும் இப்படித்தான் கெடந்தான்" என்றார்.

இரண்டு பேரையும் மறுபடி உட்காரச் சொன்னேன். பையனின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பே இல்லை. பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது. நகமும் அப்படித்தான். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7. அந்த வயதில் குறைந்தது 10.5 ஆவது இருக்க வேண்டும்.

என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். காலையில் பால். பத்து மணிக்கு டீயில் நனைத்த பிஸ்கட். மதியம் பருப்புத் தண்ணி ஊற்றிப் பிசைந்த சோறு இரண்டு வாய். அப்புறம் ராத்திரி வரை பாட்டிலில் பசும்பால்தான். "பால் நல்லாக் குடிப்பான்" என்று ஆச்சி பெருமையாகவே சொன்னார். பார்வைக்கும் பையன் கொழுகொழுவென்றுதான் இருந்தான். இரும்புச்சத்துக் குறை இப்படித்தான் நம்மை ஏமாற்றும். எடைத் தட்டில் அது தெரியாது.

பசும்பாலில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை. வயிற்றை நிரப்பி மற்ற சாப்பாட்டுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஒரு வயதுக்கு முன்னால் கொடுத்தால் சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியவும் செய்யும். டீ இன்னொரு பக்கம் சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது.

மாதம் நிறைந்து பிறந்த பிள்ளை, வயிற்றில் இருந்த கடைசி மூன்று மாதத்தில் தாயிடமிருந்து இரும்பைச் சேமித்துக்கொண்டு வருகிறது. பிரசவத்தில் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் அந்தச் சேமிப்பு இன்னும் கூடும். அது ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத் தாங்கும். குறைமாதப் பிள்ளைக்கு அவ்வளவு நாள்கூட வராது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பிறகும் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடர வேண்டும், ஆனால் இரும்பு சாப்பாட்டிலிருந்து வந்தாக வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் பருப்புத் தண்ணியும் கஞ்சித் தண்ணியும் தொடங்குகின்றன.

பிறக்கும்போது மூளையின் எடை பெரியவர்களுடையதில் கால் பங்குதான். இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடும். நரம்புகளுக்கு உறை போடுகிற வேலை மும்முரமாக நடப்பதும் அப்போதுதான், அதற்கு இரும்பு வேண்டும். டானிக் கொடுத்து ரத்தத்தைச் சில மாதத்தில் ஏற்றிவிடலாம். அந்த நாட்களில் தவறிப்போன மூளை வளர்ச்சி முழுவதும் பின்னால் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. முந்தைய கணக்கெடுப்பைவிட இது கூடுதல். எனக்கு இது மிகவும் கவலை தருகிற எண்.

சரி, சுவருக்கு வருகிறேன். மண், சுவர், சாம்பல், பச்சரிசி என்று உணவல்லாததைத் தேடித் தின்பது பல பிள்ளைகளுக்கு இரும்புக் குறையின் அடையாளம். பல வருடம் நானும் அதற்கு இரும்பு டானிக்கும் பூச்சி மருந்தும் எழுதிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்தேன். அது என்ன சுவர் என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த வீடு மாமனார் கட்டியது. சுவரின் கீழ்ப்பாதியில் பச்சை எண்ணெய் பெயிண்ட், அடியில் அதற்கும் முந்தைய மஞ்சள், கை பட்டால் பொருக்குப் பொருக்காய் உதிரும் என்றாள்.

இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் (லெட் என்கிற நச்சு உலோகம்) பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் அடித்த எண்ணெய் பெயிண்டில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், பச்சை, சிவப்பில், ஈயம் நிறையவே இருக்கலாம். (சுண்ணாம்பு மட்டும் அடித்த சுவரென்றால் இந்தப் பயம் இல்லை.) ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு சிறு பிள்ளையின் ரத்தத்தில் சேரும். அதிலும் இரும்பு குறைந்த பிள்ளைக்கு இன்னும் மோசம். குடலின் உட்சுவரில் இரும்பை உள்ளே விடுவதற்கென்று ஒரு புரதம் வாசல் மாதிரி இருக்கிறது. இரும்பு குறைந்தால் உடம்பு அந்த வாசல்களைக் கூட்டிக்கொள்ளும். வாசலுக்கு இரும்பு எது, ஈயம் எது என்று தெரியாது, இரண்டையும் விட்டுவிடும். சுண்ணாம்புச்சத்து குறைந்தாலும் ஈயம் கூடுதலாக ஏறும். ஆகவே சாப்பாடு வேறு, மாசு வேறு என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. தட்டில் இல்லாததுதான் விஷத்துக்குக் கதவைத் திறக்கிறது.

பையனின் ரத்தத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தோம். டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம் ஈயம். அமெரிக்காவில் 3.5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு ஈயத்துக்குக் கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. 11 என்பது ஈயத்தை வெளியேற்ற மருந்து கொடுக்க வேண்டிய அளவல்ல. வரும் வழியை அடைக்க வேண்டும், இரும்பு கொடுக்க வேண்டும், சாப்பாட்டை மாற்ற வேண்டும்.

வீட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் பெயிண்டோடு நிற்காது. அவள் பீடி சுற்றுகிறவள். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் வருகிற தாய்மாரில் பலர் அப்படித்தான். மடியில் பீடித்தட்டு, பக்கத்தில் தொட்டில், தொட்டிலுக்குக் கீழே இலைக்கட்டும் தூளும். புகையிலைத் தூளிலிருக்கும் நிகோட்டின் தோல் வழியாகவே தாயின் ரத்தத்துக்குப் போகும், பாலிலும் வரும். தவழ்கிற பிள்ளை தரையில் கையை வைத்து அதே கையை வாயில் வைக்கும். பீடி சுற்றாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை, அந்தக் காசில்தான் வீடு ஓடுகிறது. தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான்: தட்டைத் திண்ணைக்குக் கொண்டுபோ, தூளைத் தொட்டில் இருக்கிற அறையில் வைக்காதே, சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொள். எழுந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு பிள்ளையைத் தூக்கு. தரையை விளக்குமாற்றால் கூட்டினால் தூள் மேலே எழும்பும், ஈரத்துணியால் துடை.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சுவிடும், நாம் 12 முதல் 20. எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட எவ்வளவோ கூடுதல் காற்று அதன் நெஞ்சுக்குள் போகிறது. குளிப்பாட்டியதும் பிள்ளையைக் குப்புறப் பிடித்துத் தலைக்குச் சாம்பிராணி காட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். அந்த வாசனை பேறுகால வீட்டின் வாசனை, எனக்கும் பிடித்ததுதான். ஆனால் கனல் பக்கத்தில் வருகிற புகை விறகுப் புகைக்குச் சளைத்ததில்லை. தலையைப் பருத்தித் துணியால் துவட்டினாலே காய்ந்துவிடும். கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளை விடும் என்று ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. கொசுவலை கட்டுங்கள். களக்காடு, சேரன்மகாதேவி பக்கம் வாழைக்கும் வயலுக்கும் மருந்தடித்துவிட்டு வருகிற தகப்பன்மார் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

இனி சாப்பாடு. ஆறு மாதம் முடிந்ததும் கூழ் கட்டியாக இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள், உடனே வழிந்து ஓடினால் அது தண்ணி. முளைகட்டிய கேப்பை, குழைய வேகவைத்த பாசிப்பருப்பும் முருங்கைக்கீரையும், ஏழெட்டு மாதத்திலேயே முட்டை, அசைவம் உண்ணும் வீடென்றால் மசித்த ஈரலும் முள் நீக்கிய சாளையும். கூடவே தக்காளியோ எலுமிச்சையோ சேர்ந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி எடை போட நல்லது, இரும்புக்கு அதை நம்ப வேண்டாம். கருப்பட்டியையும் அப்படி நம்ப வேண்டாம். ஒரு துண்டு ஈரல் செய்கிற வேலையை அது செய்யாது. பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு வைக்கிற சேனையும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கும் கிருமி வித்து நரம்பைத் தாக்கும் நோயைக் கொண்டுவரலாம்.

கிராம சுகாதார செவிலியர் தருகிற இரும்புச் சிரப் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, வாரம் இரண்டு நாள், ஒரு மில்லி. பல வீடுகளில் அது டி.வி. பின்னால் பிரிக்காமல் கிடக்கிறது. மலம் கறுக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பது இரும்பின் நிறம், பயமில்லை. பாலோடு கலக்காமல் கொடுங்கள். ஆனால் பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள், மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அந்தப் பையனுக்குச் சிகிச்சை அளவில் இரும்பு கொடுத்தோம். பாலை இரண்டு வேளையாகக் குறைத்தார்கள். இரண்டாவது வாரத்திலேயே சுவரை நக்குவது நின்றுவிட்டது. பெயிண்டைச் சுரண்டினால் தூசி வீடெல்லாம் பறக்கும் என்பதால், தாயையும் பிள்ளையையும் ஒரு வாரம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உதிர்ந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுத்து மேலே புதுப் பெயிண்ட் அடித்தார்கள். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 10.8, ஈயம் 7.

அன்றைக்கு ஆச்சி ஒரு மஞ்சப்பையிலிருந்து ஈயச்சொம்பை எடுத்து என் மேஜையில் வைத்தார். கல்யாணச் சீராக வந்ததாம், ரசம் அதில் வைத்தால்தான் ரசம் என்றார். தமிழில் ஈயம் என்றால் வெள்ளீயம் (டின்), காரீயம் (லெட்) இரண்டும்தான். பெயிண்டில் நான் பயந்தது காரீயத்துக்கு. சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். விலை குறைவு என்று காரீயத்தைக் கலந்திருந்தால் புளியும் சூடும் அதைக் கரைத்து ரசத்தில் விட்டுவிடும். பித்தளைக்குப் பூசுகிற ஈயத்திலும் இதே கேள்வி உண்டு. எது இது என்று கேட்டார். கண்ணால் பார்த்து என்னால் சொல்ல முடியாது என்றேன்.

கொஞ்ச நேரம் சொம்பைக் கையில் உருட்டிப் பார்த்தார். "அப்போ இவனுக்கு இதுல வைக்கல" என்று பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.