பிள்ளைகளுக்காக நிதி திரட்டும் சிறிய சேவை மன்றங்கள்: சிங்கப்பூரில் எதற்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம்

ஈசூனிலோ உட்லண்ட்ஸிலோ இருபது பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சேவை மன்றத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு வார இறுதிகளில் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே மேசை போட்டு முறுக்கும் அதிரசமும் விற்கலாம், பக்கத்தில் ஓர் உண்டியலும் வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். உண்டியலுக்கு உரிமம் வேண்டியிருக்கலாம், பலகாரம் விற்பதற்கு எதற்கு உரிமம் என்று இன்னொருவர் கேட்கிறார். பெரும்பாலான மன்றங்கள் தடுமாறும் இடம் இதுதான்.

சிங்கப்பூரில் பொது இடங்களில் நன்கொடை திரட்டுவதைக் கட்டுப்படுத்துவது 1947ஆம் ஆண்டின் வீடு வீடாகவும் தெருக்களிலும் நிதி திரட்டுவதற்கான சட்டம். வீடு வீடாகவோ இடம் இடமாகவோ சென்றும், தெருவிலும் பிற பொது இடங்களிலும் நின்றும் பொதுமக்களிடம் பணமோ வேறு பொருளோ கேட்பதை அது ‘நிதி திரட்டு’ என்கிறது. அதற்குப் பதிலாக எதையாவது கொடுக்கிறோமா இல்லையா என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே “இதன் வருமானம் ஏழைப் பிள்ளைகளுக்கு” என்று பலகை வைத்துப் பொது இடத்தில் ஒரு பொட்டலம் முறுக்கை விற்றாலும், உண்டியலைக் குலுக்கினாலும் சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றே. இரண்டுக்கும் முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும். ‘வேறு பொருள்’ என்ற சொல் இருப்பதால், பணம் வாங்காமல் பழைய துணியும் புத்தகமும் மட்டுமே வீடு வீடாகச் சேர்க்கிறோம் என்பவர்களும் இதற்கு வெளியே நிற்க முடியாது. உரிமத்துக்கான விண்ணப்பத்தைக் கோபிஸ்னஸ் எனும் அரசாங்க இணையவாசலில் செய்யலாம்.

இந்த உரிமம் நிதி திரட்டுவதற்கு மட்டுமே உரியது, இடத்துக்கு உரியதன்று. அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட நகர மன்றத்திடமும், கடைத்தொகுதியின் வாசலில் நிற்க அதன் நிர்வாகத்திடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். சமைத்த உணவை விற்பதாக இருந்தால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகள் என்ன கேட்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு விற்பது சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் தொடும் விஷயம். 2022 முதல் அதைக் கவனிப்பது சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் என்பதால், சீட்டு அச்சடிப்பதற்கு முன்னரே அங்கு விசாரிப்பது நல்லது.

மன்றத்தின் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆளுக்கு ஐம்பது வெள்ளி போட்டுக்கொள்வதற்கும், தாங்களே அழைத்த உறவினர், நண்பர்களுக்கு விருந்து வைத்து அங்கே நன்கொடை பெறுவதற்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வராது, ஏனெனில் அங்கே பொது இடத்தில் பொதுமக்களிடம் கேட்பது என்பது இல்லை. முதல் ஆண்டிலேயே உண்டியல் வரை போக வேண்டுமா என்று மன்றம் தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது. இருபது உறுப்பினர்களும் தலைக்கு ஐந்து நண்பர்களும் சேர்ந்தால் திரளும் தொகை, இரண்டு வார இறுதி வெயிலில் நின்று சேர்ப்பதைவிடப் பல நேரங்களில் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்தது மன்றத்தின் சட்டத் தகுதி. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட ஒரு சங்கம் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். விரைவாக முடியும் தானியங்கிப் பதிவு முறை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இனம், சமயம், குலம், நாட்டினம் ஆகியவற்றைப் பிரதிநிதிக்கும் அமைப்புகள் வழக்கமான பரிசீலனையின் வழியாகத்தான் செல்ல வேண்டும். ‘தமிழர்’ என்ற சொல்லைப் பெயரிலும் நோக்கத்திலும் வைத்துக்கொள்ளும் மன்றங்கள் அதற்கேற்பக் கால அவகாசம் விட்டுத் திட்டமிட வேண்டும்.

பதிவு பெற்ற சங்கம் என்பதும் அறநிறுவனம் என்பதும் ஒன்றல்ல. வறுமை நிவாரணம், கல்வி, சமயம், சமூகத்துக்குப் பயன்படும் பிற நோக்கங்கள் ஆகிய அறநோக்கங்களுக்காக மட்டுமே அமைக்கப்பட்டு, அவற்றுக்கான நடவடிக்கைகளிலும் ஈடுபடும் அமைப்பு, அமைக்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் அறநிறுவன ஆணையரிடம் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அறநிறுவனச் சட்டம் கூறுகிறது. நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். அவர்களில் இருவராவது சிங்கப்பூர்க் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். கணக்குப் பதிவேடுகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு சுற்றுலாவும் ஒரு பொங்கல் விழாவும் நடத்திவிட்டு நடுவில் ஒருமுறை நிதி திரட்டும் மன்றம், அறநோக்கம் மட்டுமே கொண்ட அமைப்பு ஆகாது. அதற்காக வருந்தவும் தேவையில்லை.

வரிக்கழிவைப் பற்றி நன்கொடையாளர்கள் கட்டாயம் கேட்பார்கள். அறநிறுவனமாகப் பதிந்துகொண்டால் மட்டும் அந்தச் சலுகை வந்துவிடாது. ஐபிசி தகுதி எனப்படும் பொதுநல அமைப்புத் தகுதி பெற்றவற்றுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கே அது உண்டு. கழிவு விகிதம் நன்கொடையின் 250 விழுக்காடு. 2023ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் இதை 2026ஆம் ஆண்டு இறுதிவரை நீட்டித்தது. ஒருவர் 100 வெள்ளி கொடுத்தால் அவரது வருமானத்திலிருந்து 250 வெள்ளி கழிக்கப்படும்; அவர் வருமானத்தின் மேல்தட்டு 7 விழுக்காட்டு வரி விகிதத்தில் விழுமானால் வரியில் 17 வெள்ளி 50 காசு குறையும். 250 வெள்ளியே வரியில் குறைந்துவிடும் என்று நன்கொடையாளரிடம் சொல்லும் தொண்டூழியர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் தவறு. கழிவு தானாகப் பதிவாக நன்கொடையாளரின் அடையாள அட்டை எண் தேவைப்படும். விருந்துச் சீட்டு வாங்கியவருக்குச் சாப்பாட்டின் மதிப்பு போக மிஞ்சிய தொகையே நன்கொடையாகக் கருதப்படும்.

ஐபிசி தகுதிக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அமைப்பின் பணி சிங்கப்பூர்ச் சமூகம் முழுமைக்கும் பயன்பட வேண்டும். இனம், நம்பிக்கை, சமயம் ஆகியவற்றின் அடிப்படையில் ஒரு பிரிவினருக்கு மட்டும் என்று சுருங்கக் கூடாது என்பது பொது விதி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நோக்கத்தை எழுதிவைக்கும் சிறிய மன்றம் இந்த வாசலைத் தானே சாத்திக்கொள்கிறது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், சிறிய மன்றங்கள் தாங்களே அறநிறுவனமாக மாற முயல்வதைவிட, ஏற்கெனவே ஐபிசி தகுதியுள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து அதன் பெயரில் திரட்டுவதே சிறந்த வழி என்பது என் கருத்து. தேசியத் தொண்டூழிய, கொடையாளர் நிலையம் நடத்தும் கிவிங் டாட் எஸ்ஜி தளத்தில் தனியாள்களும் குழுக்களும் தாங்கள் விரும்பும் அறநிறுவனத்துக்காக நிதித் திரட்டைத் தொடங்கலாம். பணம் மன்றத்தின் கணக்கைத் தொடாமல் நேராக அந்த நிறுவனத்துக்குப் போகும். வரிக்கழிவும் ஒழுங்காகப் பதிவாகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால், 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பள்ளிக் கைச்செலவு நிதி போன்றவை இருக்கின்றன. முறுக்கு மேசையையும் போட விரும்பினால், அந்த அறநிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதத்தை முதலில் வாங்கி, யார் உரிமத்துக்கு விண்ணப்பிப்பது, யார் பணத்தை எண்ணுவது, எத்தனை நாள்களுக்குள் ஒப்படைப்பது என்பதை ஒரே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் இடைச்செருகல். வசதி குறைந்த மாணவர்களுக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தின்வழி பாடநூலும் சீருடையும் ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கின்றன. அதே பிள்ளைக்கு மீண்டும் சீருடை வாங்கிக் கொடுப்பதைவிட, மூக்குக்கண்ணாடி, படிப்பு மேசை, விடுமுறைக்கால முகாம் என்று திட்டத்துக்குள் வராதவை எவை என்பதை அந்த வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தொகையைத் தீர்மானிப்பது பயனுள்ளது.

தமிழ் மன்றங்களுக்கு அடிக்கடி வரும் மற்றோர் ஆசை, தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ தங்கள் ஊர்ப் பள்ளிக்கு வகுப்பறை கட்டிக் கொடுப்பது. வெளிநாட்டு அறநோக்கத்துக்காகச் சிங்கப்பூரில் நிதி திரட்டுவதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி முன்கூட்டியே தேவை. பொதுமக்களிடம் திரட்டும்போது நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள் பயன்படுத்தப்பட வேண்டும் என்பது பொது விதி. ஆக 10,000 வெள்ளி சேர்ந்தால் ஊர்ப் பள்ளிக்குப் போகக்கூடியது அதிகபட்சம் 2,000 வெள்ளிதான். தனிப்பட்ட முறையில் பெறும் நன்கொடைக்கும், பேரிடர் நிவாரணத்துக்கும் ஆணையர் இவ்விதியைத் தளர்த்தலாம். ஆனால் அந்தத் தளர்வைக் கேட்டுத்தான் பெற வேண்டும், நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேநவ் எண்ணைப் போட்டு, அது குழுவிலிருந்து குழுவுக்குப் பரவிவிட்டால், ‘நண்பர்களிடம் மட்டும்தான் கேட்டோம்’ என்று பிறகு வாதிடுவது கடினம்.

உரிமம் கைக்கு வந்த பிறகு, பணம் கொடுப்பவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமைகள் தொடங்குகின்றன. 2012ஆம் ஆண்டின் நிதித் திரட்டு ஒழுங்குமுறைகள், யாருக்காகத் திரட்டுகிறோம், பணம் எதற்குப் பயன்படும், கட்டணம் பெற்றுத் திரட்டித் தரும் நிறுவனம் ஏதும் இடையில் உண்டா என்பவற்றை நன்கொடையாளர் அறிய முடிவதை உறுதிசெய்யச் சொல்கின்றன. அவர்களைப் பற்றிய விவரங்களை வெளியிடாமல் காக்கவும் சொல்கின்றன. மேசையில் நிற்கும் கல்லூரி மாணவியிடம் யாராவது கேட்டால் “எனக்குத் தெரியாது அங்கிள், தலைவரைக் கேளுங்கள்” என்று அவர் சொல்லும் நிலை வரக் கூடாது. அந்த மூன்று பதில்களையும் அரைப்பக்கத் தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, உரிமத்தின் நகலோடு மேசைமீது ஒட்டி வைத்தால் போதும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐபிசி தகுதியுள்ள அமைப்புகள் ஓராண்டில் நிதி திரட்டுவதற்குச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இதை 30/70 விதி என்பார்கள். உங்கள் மன்றம் அந்தத் தகுதியைப் பெறாவிட்டாலும் இந்த அளவுகோலை வைத்துக்கொள்வது நல்லது. 5,000 வெள்ளிக்குப் பலகாரம் விற்று, மாவு, எண்ணெய், டப்பா, பதாகை, டி-சட்டை என்று 2,400 வெள்ளி செலவானால் விகிதம் 48 விழுக்காடு. பெரும்பாலும் டி-சட்டைதான் காரணமாக இருக்கும்.

உண்டியலைத் திறக்கும் முறைக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வோர் உண்டியலுக்கும் எண் இட்டு, வாயில் முத்திரைத் தாளை ஒட்டி, யாரிடம் எந்த எண் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரே மேசையில், உறவினர் அல்லாத இருவர் முன்னிலையில் முத்திரையைக் கிழித்து, இரண்டு வெள்ளித் தாள்களைத் தனியாகவும் சில்லறையைத் தனியாகவும் அடுக்கி எண்ணி, தாளில் தொகையை எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பிறகே பணம் பைக்குள் போக வேண்டும். இரவு நேரமாகிவிட்டது, பொருளாளர் வீட்டில் எண்ணிக்கொள்ளலாம் என்று ஒருமுறை விட்டுக்கொடுத்தால், பொருளாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

கொடுக்கும் பக்கத்தில் நிற்பவர்களும் சரிபார்த்துக்கொள்ளலாம். அறநிறுவனங்களின் பதிவு நிலையையும் ஐபிசி தகுதியையும் அறநிறுவன இணையவாசலில் பெயரைத் தட்டித் தேடிப் பார்க்கலாம்; கேட்பவர் மோசடிக்காரராக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம். உரிமம் வைத்திருக்கும் மன்றத்தார் யாரும், அதைக் காட்டச் சொன்னதற்காக முகம் சுளிக்க மாட்டார்கள்.