‘ரிஹ்’ என்றால் ஓடு: விளையாட்டுத் திடலில் ஒரு மொழிப் பாடம்

அயர்லாந்துப் பள்ளிகளில் ‘டெர் ஓ கிராடி’ என்று ஒரு விளையாட்டு உண்டு. அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிஷில் ‘ஓ கிராடி சொல்கிறார்’ என்று பொருள். ஆசிரியர் ‘டெர் ஓ கிராடி, லேம்!’ என்றால் எல்லாரும் குதிக்க வேண்டும். ஓ கிராடி பெயரைச் சொல்லாமல் வெறும் ‘லேம்!’ என்றால் அசையக் கூடாது, அசைந்தவர் அவுட். நம்மூர் ஆங்கிலப் பள்ளிக் குழந்தைகள் ‘சைமன் சேஸ்’ என்று விளையாடுவது இதேதான்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இது ஒரு மொழித் தேர்வு. வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே நேரத்தில் நடக்கிறது. விடைத்தாள் கிடையாது, எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. சொல் புரிந்ததா இல்லையா என்பதை முழங்காலே காட்டிக்கொடுத்துவிடும். தப்பு செய்த பிள்ளையும் சிரித்துக்கொண்டேதான் வெளியே வரும். ஐரிஷ் மொழியை உடற்கல்வி வகுப்பில் கற்றுக்கொடுக்கும் முறையின் சூட்சுமம் பாதிக்கு மேல் இந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, ஐரிஷ் மொழிக்கு இந்த வைத்தியம் எதற்கு? 1937-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பின்படி அயர்லாந்தின் முதல் ஆட்சிமொழி ஐரிஷ். ஆங்கிலத்துக்கு இரண்டாம் இடம். நான்கைந்து வயதில் பள்ளிக்குள் நுழையும் பிள்ளை, விலக்கு வாங்கினால் தவிர, படிப்பு முடியும்வரை பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் ஐரிஷ் படிக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 18 லட்சத்து 74 ஆயிரம் பேர், அதாவது 40 சதவீதம் பேர், தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று பதிந்தார்கள். பள்ளி, கல்லூரிக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்களோ சுமார் 72,000 பேர்தான். வகுப்பறையில் இவ்வளவு காலம் ஊற்றியது வாசலைத் தாண்டவில்லை என்பதுதான் இந்த இரண்டு எண்களும் சொல்லும் கதை.

வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகும். வீட்டில் யாரும் ஐரிஷ் பேசுவதில்லை. பெற்றோருக்குப் பள்ளி நாள்களில் அந்தப் பாடத்தோடு இருந்த உறவே கசப்பானதாக இருக்கலாம். பணமுள்ள குடும்பங்கள் கோடை விடுமுறையில் பிள்ளைகளை மேற்குக் கரையோரத்து ஐரிஷ் பேசும் ஊர்களுக்கு மூன்று வார முகாமுக்கு அனுப்பிவிடுகின்றன. அதற்கு ஆயிரம் யூரோ அளவில் ஆகும். அது முடியாத பிள்ளைக்குப் பாடப்புத்தகம் ஒன்றுதான் வழி. ஆங்கிலத்திலேயே வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அதுவும் பாதி அடைத்த வழி.

இத்தகைய பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர்களும் நிதியும் தருவதற்காக அயர்லாந்து அரசு 2005-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2022 விரிவாக்கத்துக்குப் பிறகு ஏறக்குறைய 1,200 பள்ளிகள் அதில் இருக்கின்றன. திட்டத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் ‘டெஷ்’ என்று வரும். ஐரிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘வாய்ப்பு’ என்று பொருள். அதே சொல்லுக்கு ‘வலப்பக்கம்’ என்ற பொருளும் உண்டு. ஆகவே பி.டி. பீரியடில் வலது பக்கம் திரும்பச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் காதில் அந்தத் திட்டத்தின் பெயரும் லேசாக உருமாறி விழுந்துகொண்டே இருக்கும். சொல் விளையாட்டுப் பிரியன் நான். இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஏழைப் பகுதி என்றாலே மொழி ஆர்வம் இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது. டப்ளினின் வடக்கே பாலிமன் என்ற பகுதியில் 1960-களில் அடுக்குமாடிக் கோபுரங்கள் ஏழு எழும்பின. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1916-இல் நடந்த எழுச்சியின் ஏழு தலைவர்கள் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். கோபுரங்களை எல்லாம் இப்போது இடித்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஐரிஷ் வழியிலேயே பாடம் நடத்தும் தொடக்கப்பள்ளி ஒன்று இருக்கிறது; அதன் பெயர் ‘ஏழு வீரர்கள் பள்ளி’. அந்த ஏழு பேரில் ஒருவரான பாட்ரிக் பியர்ஸ், 1908-இல் தானே ஓர் இருமொழிப் பள்ளி தொடங்கி, பாடத்துக்குக் கொடுத்த அக்கறையை ஹர்லிங் என்ற அயர்லாந்துப் பந்தாட்டத்தின் மட்டைக்கும் கொடுத்தவர்.

மொழியைத் தனிப் பாடமாக மட்டும் வைக்காமல், வேறொரு பாடத்தை அந்த மொழியில் நடத்துவது பழைய யோசனைதான். 1994-இல் ஐரோப்பாவில் அதற்கு ஒரு தனிப்பெயரே சூட்டினார்கள். கணக்கு, ஓவியம், இசை எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் உடற்கல்விக்கு ஒரு சலுகை உண்டு: அங்கே மொழியின் முக்கால்வாசி கட்டளை. ஓடு, நில், எறி, பிடி.

இங்கேதான் ஐரிஷ் இலக்கணம் ஆசிரியருக்குக் கை கொடுக்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தமிழில் ஓடு, எறி, பிடி என்று ஒருவரை ஏவும்போது சொல்வது வினையின் வேர்ச்சொல்லையேதான். ஐரிஷிலும் அப்படித்தான். ‘ரிஹ்’ என்றால் ஓடு, ‘லேம்’ என்றால் குதி, ‘ஸ்தத்’ என்றால் நில், ‘கஹ்’ என்றால் எறி. எல்லாம் மொட்டையான வேர்கள். வினைத்திரிபு அட்டவணையில் இருக்கும் எல்லா வடிவங்களுக்கும் இவைதான் விதை. பிள்ளை திடலில் ஓடி ஓடிக் கற்றது வெறும் கட்டளை மாதிரித் தெரியும்; உண்மையில் அதன் கையில் இருப்பது மொழியின் சாவிக்கொத்து.

‘கஹ்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். ‘நான் எறிந்தேன்’ என்பது ‘ஃகஹ் மே’. முதல் ஒலி மட்டும் தொண்டையில் உரசும்படி மெலிகிறது, அவ்வளவுதான். தமிழில் ‘கல்’ என்பதில் இருக்கும் வல்லினக் க, ‘அகல்’ என்பதற்குள் வந்தால் மெலிகிறதே, அந்த மாதிரி. நாம் அதைக் கவனிக்காமலே செய்கிறோம். ஐரிஷ்காரர்கள் அதைச் சொல்லின் தலையிலேயே வைத்து இறந்தகாலம் காட்டுகிறார்கள். கரும்பலகையில் இந்த விதியை விளக்க அரை மணி ஆகும். பந்தை எறிந்துவிட்டு எறிந்ததைச் சொன்னால் காது தானாகவே பழகிவிடும்.

உடம்பு அசைந்தால் சொல் ஏன் நிற்கிறது? கலிபோர்னியாவில் சான் ஹோசே பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் இதைச் சோதிக்கத் தொடங்கினார். ஜப்பானிய மொழியில் கட்டளை சொல்லி, கற்பவர்களைச் செய்துகாட்ட வைத்தார். அவர் பிடித்துக்கொண்டது எந்தத் தாய்க்கும் தெரிந்த ஒன்றை: குழந்தை பேசுவதற்கு வெகு முன்பே ‘பந்தைக் கொடு’ என்றால் கொடுக்கும். புரிதல் முதலில் வருகிறது, அது உடம்பு வழியாக வருகிறது, பேச்சு அப்புறம் வருகிறது. நம் மொழி வகுப்புகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே எழுந்து நின்று பேசச் சொல்கின்றன.

மூளை ஆய்விலும் சில தடயங்கள் உண்டு. 2004-இல் வெளியான ஒரு ஆய்வில், வினைச்சொற்களைச் சும்மா படித்துக்கொண்டிருந்தவர்களின் மூளையைப் படம் எடுத்தார்கள். உதைப்பதைக் குறிக்கும் சொல்லைப் படித்தால் காலை அசைக்கும் பகுதிக்கு அருகிலும், பொறுக்குவதைக் குறிக்கும் சொல்லைப் படித்தால் கைக்கான பகுதிக்கு அருகிலும் சுறுசுறுப்பு தெரிந்தது. வினைச்சொல்லின் பொருளில் ஒரு பங்கு தசையை ஆளும் இடத்திலும் பதிந்திருக்கிறது போலும். 2007-இல் இன்னொரு சோதனை: 27 பேரில், மூச்சிரைக்க விரைந்து ஓடிய பிறகு கற்றபோது புதுச் சொற்கள் 20 சதவீதம் வேகமாக ஏறின. ஆனால் அவர்கள் பெரியவர்கள். ஓடியது கற்பதற்கு முன்பு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

எட்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றியே 2020-இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு வந்தது. ஆங்கிலச் சொற்களைச் சைகையோடு கற்ற பிள்ளைகளுக்கு, வெறுமனே கேட்டுக் கற்றதைவிட, பல மாதம் கழித்தும் அதிகம் நினைவிருந்தது. ஆனால் படத்தோடு கற்ற சொற்களும் அதே அளவு நினைவிருந்தன! அதனால் ‘உடம்பை ஆட்டினால் மந்திரம்போல் மொழி வரும்’ என்பவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது. சொல் தனியாக வரக் கூடாது, தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பதே எனக்குப் புரிவது. திடலில் அது இலவசமாகக் கிடைக்கிறது: பந்து நிஜம், கோடு நிஜம், கூம்பு நிஜம்.

அப்புறம் திரும்பத் திரும்ப வருவது. ஒரு சொல்லைப் புத்தகத்தில் பத்து முறை எழுதச் சொன்னால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். அரை மணி பந்து விளையாட்டில் ‘பெர் எர்’, அதாவது ‘பிடி’, நூறு முறை காதில் விழுந்தாலும் ஒருவரும் குறை சொல்வதில்லை.

வகுப்பை நடத்துவதில் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். அயர்லாந்துத் தொடக்கப்பள்ளியில் தனி பி.டி. மாஸ்டர் பெரும்பாலும் கிடையாது. வகுப்பாசிரியரே ஐரிஷும் எடுப்பார், விளையாட்டும் நடத்துவார். திடலுக்குப் போகும் முன் ஐந்தாறு சொற்களை வகுப்பறையில் செய்துகாட்டிப் பழக்குவார். வெளியே வந்ததும் உடலைச் சூடேற்றும் பயிற்சிக்கு ‘அ ஹேன், அ தோ, அ த்ரீ’ என்று எண்ணிக்கை. சுவரில் படத்தோடு பெரிய அட்டைகள். புதுச் சொல்லைத் தானே ஒருமுறை செய்துகாட்டுவார், அடுத்த முறை சொல்லை மட்டும் சொல்வார். ஹர்லிங் என்றால் இன்னும் எளிது. அந்த ஆட்டத்தின் பந்தை ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளையும் ‘ஷ்லிதர்’ என்ற ஐரிஷ் சொல்லால்தான் அழைக்கிறது. வெற்றிடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

முறை சறுக்கும் இடங்களும் உண்டு. முதலாவது, ஆசிரியர் மொழியில் மூழ்கிவிடுவது. பிள்ளைகள் வரிசையில் நின்று சொல் கேட்டுக்கொண்டிருக்க, பந்து மூலையில் கிடக்கும். 1999 பாடத்திட்டம் உடற்கல்விக்குக் கொடுத்தது வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். வீட்டருகே ஓடியாட இடமில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு மணியும் பேச்சில் போனால் அது திருட்டு. இதை நான் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். இரண்டாவது இதற்கு நேர் எதிர்: ஆட்டம் சூடு பிடித்ததும் ஆசிரியர் முதல் எல்லாரும் ஆங்கிலத்துக்கு வழுக்கிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் ஆழமானது. கட்டளையிலேயே நின்றுவிட்டால் பிள்ளை நன்றாகக் கீழ்ப்படியும், ஒரு வார்த்தை பேசாது. ஆசிரியர் கேள்வி கேட்கத் தொடங்கினால்தான் வாய் திறக்கும்.

இங்கேயும் ஐரிஷ் ஒரு வசதி வைத்திருக்கிறது. அந்த மொழியில் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று தனிச் சொற்கள் கிடையாது. கேள்வியில் வந்த வினையையே திருப்பிச் சொல்லிப் பதில் தர வேண்டும். ‘பிடிச்சியா?’ என்று கேட்டால் நாம் ‘பிடிச்சேன்’ என்கிறோமே, அப்படி. ‘பெர்’ ஓர் ஒழுங்கற்ற வினை. இறந்தகாலத்தில் ‘ருக்’ என்று மாறிவிடும். புத்தகத்தில் இந்த ஒழுங்கற்ற வினைகள் பதினொன்றின் பட்டியல் மாணவர்களைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. திடலில் நடப்பது வேறு. பந்து மேலே போகிறது, இரண்டு பேர் பாய்கிறார்கள், கைக்கு வந்ததா தரையில் பட்டதா என்று சண்டை. ஆசிரியர் குனிந்து கேட்கிறார்: ‘அர் ருக் தூ?’ பிடித்தாயா?

‘ருக்!’ என்கிறது ஒரு பிள்ளை, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

‘நீர் ருக்!’ என்று கத்துகிறது எதிரணி. பிடிக்கவே இல்லையாம்.