சவலை: குவாஷியோர்கருக்குத் தமிழ் என்ன?

பள்ளியில் ‘குவாஷியோர்கர்’ என்ற சொல்லை மனப்பாடம் செய்யாமல் அறிவியல் தேர்வைத் தாண்டியவர்கள் குறைவு. புரதக் குறைவால் வரும் நோய், வயிறு உப்பும், கால் வீங்கும், எழுதினால் மதிப்பெண். அது எந்த மொழிச் சொல் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கூடவே வரும், பிள்ளை எலும்பும் தோலுமாய் வற்றிப்போகும் நோயின் பெயரான மராஸ்மஸ் கிரேக்கம், ‘வாடிப்போதல்’ என்று பொருள். இதுவும் அப்படி ஏதோ ஒன்று என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. இது கானாவின் தலைநகர் அக்ராவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பேசப்படும் ‘கா’ மொழிச் சொல்.

உலக மருத்துவத்துக்குள் இதைக் கொண்டுவந்தவர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட அந்த பிரிட்டிஷ் காலனிக்கு 1929இல் மருத்துவராகச் சென்றார். தாய்ப்பால் மறந்து மக்காச்சோளக் கஞ்சியையே நம்பியிருந்த பிள்ளைகளுக்குக் கைகால் வீங்கின, தோல் கறுத்து உரிந்தது, தலைமயிர் கருமை இழந்து செம்பட்டையானது. அது புதிய நோய் அல்ல, நயாசின் என்ற வைட்டமின் குறைவால் வரும் பெலாக்ராதான் என்று மறுத்த வல்லுநர்களும் இருந்தார்கள். 1933இல் அவர் எழுதிய முதல் கட்டுரையில் நோய்க்குப் பெயர் இல்லை. 1935இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியபோது அந்த ஊர்க்காரர்கள் வழங்கிய பெயரையே தலைப்பில் வைத்தார். அடுத்த பிள்ளை பிறந்ததும், மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

இதைப் படித்த அன்று எனக்கு என் பாட்டியின் குரல் கேட்டது. ‘சவலை பாய்ந்த பிள்ளை.’ தாய் மறுபடி கருவுற்றதால் பால் வற்றி, அல்லது தம்பியோ தங்கையோ மடிக்கு வந்துவிட்டதால் பாலின்றி நலிந்துபோகும் பிள்ளைதான் சவலைப் பிள்ளை. அக்ராவில் தாய்மார்கள் கண்டதையே நம் வீட்டுத் திண்ணையிலும் கண்டிருக்கிறார்கள். நம்மிடம் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, அதே பொருள் கொண்ட கா மொழிச் சொல்லை ஆங்கிலம் வழியாகக் கடன் வாங்கித் தேர்வுக்குப் படித்திருக்கிறோம்!

இந்தச் சொல் யாப்பிலக்கணம் வரை போயிருக்கிறது. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் வர வேண்டிய தனிச்சொல் வராமல், அந்த அடி முச்சீராய் மெலிந்து நின்றால் அது சவலை வெண்பா. அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் மூதுரைப் பாட்டு பாலைப் பற்றிப் பேசித் தொடங்குவது தற்செயல்தான் என்றாலும், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, குவாஷியோர்கருக்குச் சவலை என்றே எழுதிவிடலாமா? ஒரு தடை உண்டு. சவலை என்றதும் நம் கண்ணில் நிற்பது எலும்பும் தோலுமான பிள்ளை. குவாஷியோர்கர் பிள்ளையோ வீங்கியிருக்கும். காரணம் பொருந்துகிறது, தோற்றம் பொருந்தவில்லை.

‘புரதக் குறைபாட்டு நோய்’ என்ற விளக்கப் பெயர் இதைவிட மோசம். அது ஒரு காலத்துக் கொள்கையைப் பெயராக உறையவைத்துவிட்டது. 1950களிலும் 60களிலும் உலகப் பசி என்றாலே புரதப் பற்றாக்குறை என்று ஐ.நா. அமைப்புகள் பேசின, மீன் மாவு, பால் பவுடர் என்று திட்டங்கள் புறப்பட்டன. அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். ஐதராபாத்தில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலிருந்து அவர் 1968இல் சொன்னது இது: வீங்கிய பிள்ளைகளும் வற்றிய பிள்ளைகளும் உண்ட உணவில் வேறுபாடு தெரியவில்லை. தானியமும் பருப்புமான அந்தச் சாப்பாட்டையே வயிறாரத் தின்றிருந்தால் புரதமும் போதுமான அளவு கிடைத்திருக்கும். குறை, சோற்றின் அளவில். 1974இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்டு மெக்லாரன் அதே லான்செட்டில் புரத ஆரவாரம் முழுவதையும் பெரும் சொதப்பல் என்று எழுதினார். ஒரே உணவில் ஒரு பிள்ளை வீங்குவதும் இன்னொன்று வற்றுவதும் ஏன் என்பதற்கு முடிவான விடை இன்றும் இல்லை. குடலில் வாழும் நுண்ணுயிர்களையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை, சவலையைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்வது. குவாஷியோர்கர் ‘சவலை வீக்கம்’, மராஸ்மஸ் ‘சவலை மெலிவு’. ஒரே வறுமையின் இரண்டு முகங்கள் என்பது பெயரிலேயே தெரியும். புரதம் பற்றிய வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம்.

வீக்கத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 4.5 கோடிப் பிள்ளைகள் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்ததாக யுனிசெஃப், உலகச் சுகாதார நிறுவனம், உலக வங்கி மூன்றும் சேர்ந்து மதிப்பிட்டன. வீங்கிய பிள்ளையை எடை போட்டால் உடம்பில் தேங்கிய நீரும் சேர்ந்து நிற்கும், தராசு ஏமாந்துவிடும். அதனால்தான் முகாம்களில் எடை பார்ப்பதோடு நிறுத்தாமல், பிள்ளையின் இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்க்கிறார்கள். விரலை எடுத்த பின்னும் இரண்டிலும் குழி நின்றால், தராசு என்ன சொன்னாலும் சரி, அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுதான்.